விளம்பரத்தை அமுக்காதீங்க, அண்ணி!

வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்த மெக்கானிக் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய மெஷின்களின் வயரிங் படங்களை இலவசமாகத் தரும் இணையதளத்தில் புது அறிவிப்பு: 'பாதிப் பேர் விளம்பரங்களைத் தடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறீர்கள். வருமானம் இல்லை. மாதக் கடைசியில் தளத்தை மூடுகிறேன்.'

கம்பெனிகளே கைகழுவிய மெஷின்களுக்கு அவள் உயிர் கொடுப்பது அந்தப் படங்களை வைத்துத்தான். தளம் போனால் பட்டறையும் போச்சு.

"அடியே, விளம்பரம் வராம என் போன்ல ஏதோ பண்ணியே, அதை எடு."

கல்லாவிலிருந்த நாத்தனார் முறைத்தாள். "நம்ம போன், நம்ம டேட்டா. கண்டதையும் ஏன் அண்ணி பாக்கணும்?"

"வயரிங் படம் குடுக்கிறவர் உழைப்பு மட்டும் ஓசியா? இத்தனை வருஷமா தின்னுட்டுத் தட்டைக்கூடக் கழுவாம எந்திரிச்சிருக்கேன்டி!"

தடை நீங்கியதும் விளம்பரங்கள் குதித்தன. முடி வளரும் தைலம், வீட்டுக் கடன், கார் டயர் என எல்லாவற்றையும், அமுக்க அமுக்க அவருக்குக் காசு சேரும் என்று அக்கா நன்றியோடு அமுக்கினாள். நாத்தனாரையும் அவள் போனில் அமுக்கச் சொன்னாள். கப்பல் சுற்றுலா விளம்பரத்தை மாமியார் ஆசையாகவே அமுக்கினார்.

சில நாளில் அறிவிப்பு மாறியது. 'ஒரே இடத்திலிருந்து யாரோ விடாமல் அமுக்குகிறார்கள். நானே ஆள் வைத்து மோசடி செய்கிறேன் என்று விளம்பரக் கம்பெனி கணக்கை முடக்கிவிட்டது.'

"ஒத்தடம் குடுக்கப் போயி எலும்பை ஒடிச்சிட்டீங்களே, அண்ணி!"

அக்கா அன்றே தளத்துக்காரருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி, மன்னிப்புக் கேட்டு, பட்டறையின் போட்டோவையும் அனுப்பினாள். ஒரு வாரம் மணிக்கொரு தரம் போனைத் திறந்து பார்த்தாள்.

பதில் வந்தது. 'நீங்கள் எழுதியதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினேன், கணக்கைத் திறந்துவிட்டார்கள். விளம்பரங்களைத் தடுக்காமல் விட்டாலே போதும், அம்மா. தேவையில்லாததை அமுக்காதீர்கள். என் படங்களால் ஒரு பட்டறை ஓடுகிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். மூடவில்லை, இன்னும் கொஞ்ச காலம் நடத்திப் பார்க்கிறேன்.'

"அழுறீங்களா அண்ணி?"

"சோப்புத் தூள் கண்ணுல பட்டுடுச்சு. போனை நேராப் புடிச்சு இந்த வயரையெல்லாம் போட்டோ எடு. இந்த மெஷின் படம் அவர்கிட்ட இல்ல. அனுப்பணும்."