ஜினகுமார் சாப்பிட்டு முடிக்கும் வரை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. வேன் ஓட்டும் ஜியாவுதீன் சொன்னது. ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடிந்து நான் வெளியே வரும்போது, அவர் அன்றைய சவாரிக்கு வேனைக் கழுவி நிறுத்திவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். அதனால் எனக்குக் கதை எழுத வரும் என்று நம்புகிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு பெண் தன் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

இதற்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பாலாற்றில் மணல் மட்டுமே மிஞ்சிய அந்தக் கோடையில்..." ஆறு இந்தக் கதையில் வரவே இல்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள பழைய சமணக் கோயில்களுக்கு, தகுந்த வழிகாட்டியுடன் ஒருநாள் சுற்றுலா..." நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. தகவல் சரி என்பதால் இருக்கட்டும்.

"சாந்திமதி தன் பெயரை வடிவு என்று சொன்னாள்." இதிலிருந்து போகலாம்.

2

சாந்திமதி தன் பெயரை வடிவு என்று சொன்னாள். நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள். அவள் சமணப் பெண். திண்டிவனம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் வேனில் அவளை யாருக்கும் தெரியாது.

அவளுடைய அப்பா அனந்தநாதன் சல்லேகனை நோன்பில் இருந்தார். முதலில் சோற்றைக் குறைத்து, பிறகு விட்டு, கடைசியில் தண்ணீரையும் விட்டுச் சாகிற நோன்பு அது. அதற்காகத் தன் சொந்த ஊரை விட்டு, வேறொரு ஊரில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் போய்ப் படுத்துவிட்டார். (ஊரின் பெயரை எழுத மாட்டேன். சுற்றுலாவின் கடைசி இடம் அதுதான்.) போகும் முன் உறவினர் எல்லோரிடமும் முறைப்படி மன்னிப்புக் கேட்டார். பிறகு, மகள் மட்டும் தன்னைப் பார்க்க வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பாசம் பிடித்து இழுக்குமாம். இவள் ஆள் விட்டுக் கேட்டாள். வரவேண்டாம் என்றே பதில் வந்தது.

வெளியூர்க்காரர்கள் தரிசிக்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். மகளுக்குத்தான் இடமில்லை. அதனால் அவள் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கினாள்.

கையில் ஒரு செம்பு. காய்ச்சி, துணியில் வடிகட்டிய தண்ணீர். அப்பா தண்ணீரையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் புறப்பட்டுவிட்டாள். தன் கையால் கொடுத்தால் குடிப்பார் என்று நினைத்தாள். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீரும் தொடாத மனிதர்கள் அவர்கள்.

(இடையில் ஒன்று. நோன்பைக் கலைப்பது பாவம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பாவம்தான், அவளுக்கும் தெரியும். அப்பா சாக வேண்டாம் என்று நினைப்பதற்கு யாரும் மதம் மாறத் தேவையில்லை.)

3

காலையில் திருப்பருத்திக்குன்றம். வழிகாட்டி ஜினகுமாருக்கு அதுதான் சொந்த ஊர். தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி கோயிலைக் காட்டினான்.

"அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க ஓவியம். தீர்த்தங்கரரின் பிறப்பு, ஊர்வலம், வரிசையாக ஆடும் பெண்கள், ஈரம் தின்றுவிட்ட சிவப்பு, அதன் ஓரத்தில்..."

இந்த இடத்தில் நானே இப்படி ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான் கூரையை வர்ணிக்கும் வரை எல்லோரும் அண்ணாந்துகொண்டே நிற்கிறார்கள், வெளியே வெயில் நகர்ந்துவிடுகிறது. ஒரு தூணுக்கு நான்கு வரி என்றால் அந்த நான்கு வரிக்கும் வேன் புறப்படாது. ஜினகுமாரும் நானும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். அவனுக்காவது சம்பளம் உண்டு.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த வீரபாகு என்ற ஓய்வுபெற்ற மனிதர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"ஏம்பா, இந்தப் பொம்பளைங்க கட்டிக்கினு இருக்கிறது உங்க ஊர்ப் பட்டா?"

"பட்டுன்னா புழுவக் கொல்லணும் சார். எங்க சாமி ஒத்துக்காது."

"அப்ப ஊரு பூரா நெய்யுதே?"

"நெய்யிறவங்க வேற சாமி சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சாந்திமதியும் சிரித்தாள் என்று ஜியாவுதீன் சொல்கிறார். நான் நம்பவில்லை. ஆனால் பார்த்தவர் அவர்.

4

அடுத்தது ஆர்ப்பாக்கம் கோயில். இந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டேன். அரை மணி நேரமாவது மிச்சமாகும்.

5

மிச்சமாகவில்லை.

கடைசி ஊருக்குச் சற்று முன்னால் ஓர் ஏரிக்கரையில் ஜினகுமார் வேனை நிறுத்தச் சொன்னான்.

"ஓரங்கட்டு பாய். பொழுது போறதுக்குள்ள ஒரு வாய் சாப்ட்டுக்கறேன்."

முதல் பிரதியில் நான் இவனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். சோம்பேறி, தீனிக்காரன், அலட்சியக்காரன் என்றெல்லாம். எதுவும் ஒட்டவில்லை. அவன் நல்லவன். விளக்கு வைத்தபின் சாப்பிடக்கூடாது என்பதற்காக இப்போதே சாப்பிட உட்கார்ந்தான். கைகால் கழுவினான். தூக்குவாளியைத் திறந்து சோற்றில் எறும்பு, பூச்சி இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தான். பிறகு சாப்பிடத் தொடங்கினான். சாப்பிடும்போது அவர்கள் பேசுவதில்லை. நாள் முழுக்க வாய் ஓயாத ஆள், அந்த நேரத்தில் மட்டும் யார் கேட்டாலும் பதில் சொல்லமாட்டான்.

சாந்திமதி டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள்.

"பாய், கிளம்பலாம்னு சொல்லுங்களேன்."

"சாப்டுக்கினு இருக்கிறாரு மா."

"ரொம்ப நேரமாவுமா?"

"உனுக்கு இன்னாமா அவசரம்? சாமி எங்க ஓடிடப் போவுது?"

"சாமிக்கு இல்ல பாய். அங்க படுத்துக்கினு இருக்கிறவரு எங்கப்பா."

ஜியாவுதீன் அவள் நெற்றித் திருநீற்றையும் செம்பையும் பார்த்தார்.

"அவராண்ட சொல்லட்டா?"

"ஐயோ, வேணாம். தெரிஞ்சா உள்ள உடமாட்டாரு. மக வரக்கூடாதுன்னு ஊரே காவல் காத்துக்கினு இருக்குது."

ஜியாவுதீன் ஹாரன் அடித்தார். ஜினகுமார் இடது கையை மட்டும் தூக்கி, பொறு என்று காட்டினான். மறுபடி அடித்தார். மறுபடியும் கை.

ஏரித் தண்ணீர் செம்மண் நிறமாகி, பிறகு, [சூரிய அஸ்தமன வர்ணனை வேண்டாம். அது போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.]

சாப்பிட்டு, வாளியைக் கழுவி, ஒரு பருக்கையும் வீணாகக்கூடாது என்று அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழுந்தான்.

"இன்னா பாய், அன்னத்து முன்னாடி ஒக்காந்திருக்கும்போது ஹாரன் அடிக்கிற?" என்றான். பிறகு அவளிடம் திரும்பினான். "கோச்சுக்காதீங்க வடிவம்மா. நீங்க வூட்டுக்குப் போயி எட்டு மணிக்குக்கூட இட்லி துண்ணலாம். எங்களுக்குப் பொழுது போச்சுன்னா தண்ணிகூடக் கெடையாது. வெளியாளுங்களுக்கு அது புரியாது."

"புரியுது" என்றாள்.

6

இதுவரை எழுதியதை டீக்கடையில் ஜியாவுதீனுக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டு தபா ஹாரன் அடிச்சேன்னு எழுதிக்கினு இருக்கிறே? அடிச்சுக்கினே இருந்தேன்பா. சரி, ஐஸ் கட்டி அறுக்கிற மாதிரி அறுக்கிறியே, அந்தம்மா போய்ச் சேந்துச்சா இல்லியா?"

"நீங்கதானே கூட இருந்தீங்க?"

"நான் பார்த்தது பார்த்ததுதான். நீ எழுதறதுலயாச்சும் சேந்துடட்டுமேபா. உனுக்கு இன்னா கொறைஞ்சுடப் போவுது?"

எனக்குக் குறைய ஒன்றும் இல்லை. அதனால் மாற்றி எழுதினேன். அன்று ஜினகுமாருக்கு உபவாசம், தூக்குவாளி கொண்டுவரவில்லை. வேன் ஏரிக்கரையில் நிற்காமல் போகிறது. ஊருக்குள் நுழையும்போது கோயில் கோபுரத்தில் இன்னும் வெயில். சாந்திமதி எல்லோருக்கும் பின்னால் மண்டபத்துக்குள் போய், கடைசி ஆளாக நிற்கிறாள். மற்றவர்கள் வெளியேறியதும் செம்போடு அருகில் உட்கார்கிறாள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அதனால் அனந்தநாதன் அவளை அடையாளம் கண்டுகொள்கிறார்.

"உன்னாண்டதான் மன்னிப்புக் கேட்டுட்டேனே மா" என்கிறார். "இன்னும் இன்னா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

"அப்பா, ஒரு வாய்..." என்று அவள் சொல்ல, அவர் மெல்லத் திரும்பி

திரும்பவில்லை. பல முறை எழுதிப் பார்த்தேன். வேனை வேகமாக ஓட்ட முடிகிறது, வழிகாட்டியைப் பட்டினி போட முடிகிறது. அந்த மனிதரின் வாயைத் திறக்க முடியவில்லை. இத்தனை காலம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு வந்தவர், மகளைப் பார்த்ததும் குடித்துவிடுவார் என்று எழுதினால் அது என் ஆசை. அவருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஜியாவுதீன் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதுக்கு லேட்டாவே போயிக்கலாம்பா."

7

லேட்டாகத்தான் போனார்கள். கடைசி மைலில் ஹெட்லைட் போட வேண்டியிருந்தது.

மண்டபத்தில் விளக்கு இல்லை. பூச்சி விழுந்து சாகும் என்று ஏற்றவில்லை. உடன் இருந்தவர்கள் கோயிலுக்குள் பிரார்த்தனைக்குப் போயிருந்தார்கள். மெட்ராஸ்காரர்கள் பார்க்க வேண்டுமே என்று ஜினகுமார், வேனை மண்டபத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னான். ஹெட்லைட் வெளிச்சத்தில் எல்லோரும் அந்தக் கிழவரைப் பார்த்தார்கள். வீரபாகு கைகூட எடுத்துக் கும்பிட்டார். இங்கே அதிக நேரம் நிற்கக்கூடாது என்று ஜினகுமார் அவர்களைக் கோயில் பக்கம் அழைத்துப் போனான். சாந்திமதி போகவில்லை. எதிர்வெளிச்சத்தில் நின்றதால் அவள் முகம் கிழவருக்குத் தெரிய வழியில்லை.

அனந்தநாதன், யாரோ ஒரு வெளியூர்க்காரியிடம் கேட்கிற மாதிரி, "தண்ணி" என்றார்.

ஜியாவுதீனுக்குத் தெளிவாகக் கேட்டது. "ஒரே வார்த்தைதான்பா. சந்தேகமே இல்ல." அவள் மண்டியிட்டதைப் பார்த்தார். பார்த்ததும் ஹெட்லைட்டை அணைத்துவிட்டார்.

"ஏன் பாய் அணைச்சீங்க?"

"அது நான் பார்க்கிற விஷயமாபா?"

அதன் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. திரும்பும்போது அவள் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். காஞ்சிபுரத்தில் இறங்கி, "வரேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விடிவதற்குள் அனந்தநாதன் இறந்துவிட்டார். உட்கார்ந்த நிலையில் வைத்து ஊர்வலமாக எடுத்துப் போனார்களாம். இப்போது ஜினகுமார் அந்த மண்டபத்தில் ஆட்களை நிறுத்தி, கடைசிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் போன மகான் என்று விளக்குகிறான். கேட்டார் என்பது அவனுக்குத் தெரியாது.

8

கொடுத்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். கிழவர் இரண்டு மடக்குக் குடித்தார். பிறகு யார் கை என்று தெரிந்துகொண்டு அழுதார். எல்லாவற்றையும் விட்டு வந்து, கடைசி இரவில், இருட்டில், மகள் கையால் தோற்றார். படித்துவிட்டுக் கிழித்தேன்.

கொடுக்கவில்லை என்று எழுதினேன். "பொழுது போயிடுச்சுப்பா" என்று அவள் சொன்னாள். குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டாரா என்று எழுதும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் அந்தத் தாளை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை.

வெளிச்சம் அணைந்த பிறகு அங்கே இருந்தது இரண்டு பேர். ஒருவர் செத்துவிட்டார். இன்னொருத்தியைப் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. இனி நீங்கள்தான். உங்கள் அப்பா இருட்டில் தண்ணீர் கேட்கிறார். கேட்பது மகளிடம் என்று அவருக்குத் தெரியாது. கொடுத்தால் அவர் பட்டதெல்லாம் வீண். கொடுக்காவிட்டால் அவர் கடைசியாகக் கேட்டதை மறுத்தது உங்கள் கை. எதைச் செய்தாலும் விடிவதற்குள் அவர் இறந்துவிடுவார். அந்த ஒரு வரியை மட்டும் நான் அடிக்க மாட்டேன். மற்றதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

யோசிக்க அதிக நேரம் இல்லை. ஜினகுமார் ஆட்களை வேனில் ஏற்றி எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒருத்தி குறைகிறாள் என்று இப்போது தெரிந்துவிடும்.