பன்னிரண்டாவது சனிக்கிழமை

தனகோட்டி காலை பத்து மணிக்கு இறந்தார். பூங்குழலியின் முறை மாலை மூன்று பத்துக்கு.

பயிற்சி கோயம்புத்தூரிலிருந்து நடந்தது. கிராமத்தில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு. பன்னிரண்டு சனிக்கிழமைகள், எல்லாம் போனில். நாற்பது பேர் சேர்ந்திருந்தார்கள். கடைசி சனிக்கிழமை ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் நடுவர்களிடம் பேச வேண்டும். எட்டுப் பேரை எடுப்பார்கள். எடுத்தவர்களுக்கு இயந்திரம் வரும். கடைகளும் பிடித்துக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குச் சான்றிதழ்.

பூங்குழலி கடலை உருண்டை செய்தாள். வாணலியில் வறுத்தால் ஒரு நாளைக்கு ஆறு கிலோ. அது போதாது என்று மீதி நாள் செஞ்சியில் ஒரு மில்லில் கடலை பொறுக்கப் போனாள். மில் தூசியில் இரண்டு வருடமாக இருமல். வறுக்கும் இயந்திரம் வந்தால் மில்லுக்குப் போக வேண்டாம்.

பனமலையில் அவள் தெருவில் வீடியோ வராது. மலைக்கோயில் படிகளில் பாதி ஏறினால் வரும். பதினோரு சனிக்கிழமையும் அங்கே உட்கார்ந்துதான் படித்தாள். உங்கள் போட்டியாளர் யார் என்று ஒரு வாரம் கேட்டார்கள். ஓரகத்தி ரஞ்சிதம் அக்கா என்று எழுதி அனுப்பினாள். அவளும் உருண்டை பிடிப்பாள்.

தனகோட்டி அவள் வீட்டுக்காரன் குருவுக்குப் பெரியப்பா மகன். பங்காளி. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் கோயில் படி மிதிக்கக் கூடாது.

அமலாவுக்குச் செய்தி அனுப்பினாள். அமலா பயிற்சியில் அவளுக்கு வழிகாட்டி. உடனே கூப்பிட்டாள். கூப்பிடுவது எப்போதும் அலுவலக எண்ணிலிருந்துதான். திருப்பிக் கூப்பிட்டால் போகாது.

"நாளைக்கு மாத்த முடியுமா மேடம்?"

"ஒரு ஃபார்ம் இருக்கு. இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரருக்குப் பெரியப்பா பையன்."

அமலா எதையோ பார்த்தாள். "அம்மா, அப்பா, கணவர், குழந்தை. இந்த நாலுதான் இருக்கு பூங்குழலி."

"ஒரே குடும்பம்தான் மேடம். தலைக்கட்டு வேற, அவ்வளவுதான்."

"எனக்குப் புரியுது. ஃபார்ம்ல இல்ல. வேற இடத்துல இருந்து பேச முடியாதா?"

செஞ்சிக்குப் போகலாம். ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலுக்கு. பாடைக்கு மூங்கில் எடுக்க குரு பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஒன்றரைக்குத் தனகோட்டியின் அக்காக்கள் வேலூரிலிருந்து வந்து இறங்கினார்கள். பங்காளி வீட்டுப் பெண்கள் எதிரே போய்க் கட்டிப்பிடித்து அழ வேண்டும். பூங்குழலி அழுதுகொண்டிருந்தபோது தெருக்கோடியில் பஸ் ஹாரன் கேட்டது.

இரண்டரைக்கு ரஞ்சிதத்தின் காதில் சொன்னாள்.

"இன்னாடி, இன்னிக்கா?"

"மூணு பத்துக்குக்கா."

"மூணு நிமிசம் பேசறதுக்கு மூணு மாசம் படிச்சவ நீ ஒருத்திதான்டி." ரஞ்சிதம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போ. கேட்டா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான்னு சொல்றேன். தூக்கறதுக்குள்ள வந்துரு."

மலையடிவாரத்தில் ரத்தினம்மாள் கற்பூரமும் பூவும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை வந்தால் அவளிடம்தான் பூங்குழலி செருப்பை விட்டுவிட்டு ஏறுவாள்.

"சாவு வூட்லருந்தா வர?"

"ஆமாக்கா."

ரத்தினம்மாள் மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். பூக்கூடையை இழுத்து முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். "நான் ஒண்ணும் பாக்கல. ஏறு."

பூங்குழலி செருப்பைக் கழற்றினாள். முதல் படி வெயிலில் கிடந்தது. ரஞ்சிதத்தின் மகள் அன்புக்கரசி பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். ஒன்பது மாதம். நாள் நெருங்கிவிட்டது. தீட்டோடு படி மிதித்து அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ரத்தினம்மாள் பார்க்கவில்லை என்பது யாருக்கும் பதில் ஆகாது. தனக்கே ஆகாது.

செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இன்னாம்மா?"

"வேணாங்க்கா."

ஏரிக்கரையில் நடந்தாள். போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தாள். மதகுக்கு அருகில் இரண்டு கோடு காட்டியது. மூன்று எட்டு. கரையில் நின்று முகத்தைத் துடைத்தாள். லிங்க்கை அழுத்தினாள்.

திரையில் மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் பெயர் இளவழகன் என்று காட்டியது.

"வணக்கம். என் பேரு பூங்குழலி. நான் வறுக்கிற கடலை எங்க நெலத்துல வெளைஞ்சது."

கண்ணாடி முன்னால் நூறு முறை சொன்ன வரி. சரியாக வந்தது. ஊருக்குள் பறை ஏறியது. பாடை கட்டி முடித்திருப்பார்கள். வெடி போட்டார்கள்.

இளவழகன் சிரித்தார். "ஊர்ல திருவிழாவா? நல்ல உற்சாகமா இருக்கே!"

"இல்லீங்க சார். சாவு."

"கேக்கல. ஆனா சூப்பர். இந்த மண்வாசனைதான் உங்க பிராண்டு. சொல்லுங்க."

"சாவு சார், எங்க பங்காளி..."

இளவழகனின் சிரிப்பு அப்படியே நின்றது. மற்ற இருவரும் நின்றார்கள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவள் நாலு அடி முன்னே போனாள். பத்து அடி பின்னே போனாள். கரையிலிருந்து வயலுக்குள் இறங்கினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பதினைந்துக்குத் திரை வெள்ளையானது. உங்கள் நேரம் முடிந்தது, பங்கேற்றதற்கு நன்றி. அதன் கீழே ஐந்து நட்சத்திரங்கள். பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அமலா கூப்பிட்டாள். பேச்சுக்கு அந்தக் கரையில் சிக்னல் உண்டு. வீடியோவுக்குத்தான் இல்லை.

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அஞ்சு மணிக்கு முடிச்சிருவாங்க. நடுவுல யாராவது வரலன்னா அந்த எடத்துல உங்கள விடச் சொல்லிக் கேட்டிருக்கேன். வீடியோ வேணாம். போன்லயே பேசுங்க."

"பேசறேன் மேடம்."

"கூப்பிட்டதும் எடுக்கணும். ஒரு தடவதான். எடுக்கலன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"எடுக்கறேன் மேடம்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள்.

நாலேகாலுக்குத் தூக்கினார்கள். குரு முன்னால் இடது பக்கம் தோள் கொடுத்திருந்தான். பெண்கள் தெருமுனை வரை போனார்கள். விழுந்து அழுதார்கள். எழுந்து ஏரிக்கு நடந்தார்கள். முழுகாமல் யாரும் வீட்டுக்குள் போகக் கூடாது.

பூங்குழலி கரையிலேயே நின்றாள்.

"இறங்கு." ரஞ்சிதம் தண்ணீரிலிருந்து கூப்பிட்டாள்.

"போன் வரும்க்கா."

"அதுக்கு?"

"நீங்க முழுவுங்க. நான் அப்புறம்."

வேலூர் அக்காக்களில் பெரியவள் திரும்பிப் பார்த்தாள். "யார்ரி அவ? எங்க தம்பிக்கு ஒரு முழுக்குப் போட நேரமில்லையாமா?"

ரஞ்சிதம் குரலைத் தணித்தாள். "கல்லு மேல வெச்சிட்டு வாடி. ரெண்டு நிமிசம். அதுக்குள்ளயா வந்துரப் போவுது?"

மதகுக் கல்லில் போனை வைத்தாள். மணி பார்த்தாள். நாலு நாற்பது. இறங்கினாள். ஒரு முழுக்கு. இரண்டு. மூன்றாவது முழுக்கிலிருந்து தலையை எடுத்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது.

சேற்றில் கால் வைத்து ஏறினாள். திரையில் அந்த எண். பச்சை வட்டத்தைத் தள்ளினாள். நகரவில்லை. விரலிலிருந்து தண்ணீர் சொட்டித் திரை முழுதும் பரவியது. முந்தானையில் துடைத்தாள். முந்தானையிலிருந்து இன்னும் தண்ணீர் இறங்கியது. மறுபடி தள்ளினாள். பச்சை வட்டம் நடுங்கி, இருந்த இடத்துக்கே திரும்பியது.

"அக்கா! எடுக்க மாட்டேங்குதுக்கா!"

ரஞ்சிதம் ஓடி வந்து தன் கட்டைவிரலை வைத்து இழுத்தாள். அதுவும் ஈரம். கரையில் பதினான்கு பெண்கள் ஏறி நின்றார்கள். எல்லார் புடவையும் நனைந்திருந்தது. காய்ந்த துணி ஒன்று இல்லை. காய்ந்த கை ஒன்று இல்லை.

"ஊது, ஊது" என்றாள் வேலூர் பெரியவள்.

பூங்குழலி திரையை ஊதினாள். கையை மண்ணில் தேய்த்தாள். சேறாயிற்று.

போன் நின்றது.

"திரும்ப நீ கூப்புடேன்" என்றாள் ரஞ்சிதம்.

"போவாதுக்கா."

"இன்னொரு வாட்டி கூப்புடுவாங்கடி."

பெண்கள் ஒவ்வொருவராக ஊர்ப் பக்கம் நடந்தார்கள். ரஞ்சிதம் சற்று நின்று பார்த்தாள். வீட்டில் அன்புக்கரசி தனியாக இருப்பாள் என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

பூங்குழலி போனை மறுபடி கல்லில் வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏரிக் காற்றுக்குக் காட்டினாள். முடியிலிருந்து தண்ணீர் கை மேல் விழுந்தது. முடியை இறுக்கி முடிந்துகொண்டு மறுபடி காட்டினாள்.

நாலு ஐம்பத்தொன்றுக்குக் கை காய்ந்தது. போனில் படாமல், அதற்கு மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.