டீட்ஸே சொல்லாத நன்றி

செடியிலிருந்தோ பவளத்திலிருந்தோ யாராவது ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் கிளை பட்டுப்போகும். பெர்லினில் யாரைக் கேட்டாலும் இதையெல்லாம் நம்புவதில்லை என்பார்கள். ஆனாலும் நன்றி சொல்ல மாட்டார்கள்.

மாடிவீட்டு டீட்ஸேவுக்கு ஊதாப் பவளத்தில் ஒரு விரல் நீளம் என் உப்புநீர் மீன்தொட்டியிலிருந்துதான் போனது. அவர் தலையை மட்டும் ஆட்டி வாங்கிக்கொண்டார். டிக்கெட் இயந்திரத்துக்குக்கூட நன்றி சொல்லும் மனிதர்.

அவர் வீட்டில் அந்தத் துண்டு புதராகிவிட்டது. அதன் ஊதா வெளிச்சம் ஜன்னல் வழியே தெருவில் விழுந்து, எதிர்வீட்டுப் பாதிரியாரின் வெள்ளைப் பூனை ஊதா நிறத்தில் நடமாடியது. பொய்யில்லை, தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. என்னிடமிருந்த தாய்ப் பவளமோ காய்ந்த ரொட்டி நிறத்துக்கு வந்திருந்தது. என் மனைவி ஹனெலோரே மாலைக் காபியை மேலே போய்க் குடிக்கத் தொடங்கினாள்.

"அங்க என்ன இருக்கு?"

"பவளம்."

"நம்ம வீட்டுலயும்தான் இருக்கு."

"அதுவா? நான் பாட்டில் கழுவுற பிரஷ்னு நினைச்சேன்."

அவளுடைய காபி கீழே இறங்கி வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு இரண்டு வழி: என்னுடையது ஊதாவாக வேண்டும், அல்லது அவருடையது பட்டுப்போக வேண்டும். சுலபமானதிலிருந்து ஆரம்பித்தேன். பிளம்ஸ் கேக் வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

"இந்தப் பவளம் நான் குடுத்தது. ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. கேக்குக்கு நன்றி."

"பவளத்துக்கு?"

"கேக்குக்கு மட்டும்தான், ஹெர் லெம்கே."

காபி போட அவர் சமையலறைக்குள் போனார். நான் தொட்டியைப் பார்த்தேன். பவளம் தன் எலும்பைத் தண்ணீரிலுள்ள கடினத்தை, அதாவது அதில் கரைந்த கார உப்புகளை, தின்றுதான் கட்டுகிறது. அது தின்னத் தின்ன நாம் சோடா உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அந்தக் கடினத்தை ஜெர்மன் டிகிரியில் அளக்கிறோம். கடினத்துக்கு ஏன் ஜெர்மானியர்களான எங்கள் பெயர் என்று எங்களோடு பழகியவர்கள் கேட்பதில்லை. டீட்ஸேவின் ரகசியம் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. கையில் குப்பி இல்லை. குனிந்து ஒரு வாய் மொண்டுகொண்டேன்.

வாசலில் பிடித்துவிட்டார்.

"அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"கன்னம் வீங்கியிருக்கே. பல்வலியா?"

தலையாட்டினேன்.

"எங்க டாக்டர் நம்பர் தரட்டுமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், பிறகு பேனாவைத் தேடினார், பிறகு டாக்டரின் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். என் வாய்க்குள் ஏதோ நீந்தியது. கீழே வந்து குப்பியில் துப்பியபோது ஒரு குட்டி இறாலும் வந்தது. அதைத் தொட்டியில் விட்டேன். இன்றுவரை நான் கொட்டாவி விட்டால் பாறைக்குப் பின்னால் போய்விடும்.

சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சொட்டுக்கு ஒரு டிகிரி. நீலம் மஞ்சளாக மாறப் பதினொரு சொட்டு ஆனது. என் தண்ணீர் வெறும் ஏழு. "திருடா!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

சோடா உப்பை ஊற்று ஊற்றென்று ஊற்றிப் பதினொன்றுக்கு ஏற்றினேன். ஜெர்மன் கடினம் ஏறியதும் மீன்கள் தீனிக்கு வரிசையில் நின்றன. குறுக்கே புகுந்த ஒன்றை மற்றவை முறைத்தன. பவளம் மட்டும் நுனியில் வெளுத்தது, பிறகு தோல் உரிந்தது, வெறும் எலும்பாக நின்றது.

"இப்போ பிரஷ்ஷும் போச்சு" என்றாள் ஹனெலோரே. போய் டீட்ஸேவைக் கூட்டி வந்தாள்.

அவர் அளந்து பார்த்தார். "பதினொண்ணா? யாராவது இப்படி ஏத்துவாங்களா?"

"உங்களுது பதினொண்ணுதானே?"

"என்னுது ஏழு. யார் சொன்னது பதினொண்ணுன்னு?"

நான் இறாலைப் பார்த்தேன். அவர் என் கன்னத்தைப் பார்த்தார்.

"எச்சில்லயும் சோடா உப்பு இருக்கு, ஹெர் லெம்கே. அது கலந்தா சொட்டு அதிகமாக் காட்டும்."

"பொதுவாச் சொல்றீங்களா?"

"பொதுவாத்தான்."

"அப்போ என்னுதும் ஏழு, உங்களுதும் ஏழு. உங்களுது மட்டும் எப்படி ஊதா?"

"நான் தினமும் ஒரே அளவு ஊத்துறேன். நீங்க தினமும் ஒரு புது யோசனை ஊத்துறீங்க."

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஏழுக்கு இறக்கினேன். அதன்பின் ஒருநாள் டீட்ஸே ஒரு கண்ணாடிக் குவளையோடு இறங்கி வந்தார். உள்ளே ஊதாவாக ஒரு விரல் நீளம். ஹனெலோரே வாயைத் திறந்தாள். அவள் காலை மிதித்தேன். டீட்ஸே குவளையை நீட்டியபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படி வழுக்கும், பார்த்துப் போங்க" என்றேன்.

நான் தினமும் ஒரே அளவு ஊற்றினேன். யோசனை வந்தபோதெல்லாம் எழுந்து வெளியே நடந்தேன். அந்த வருஷம் பெர்லினில் நான் நடக்காத தெரு இல்லை. துண்டு வளர்ந்து ஊதாப் புதரானது. ஹனெலோரே இப்போது காபியை வீட்டில்தான் குடிக்கிறாள். பூனையும் எங்கள் ஜன்னலுக்கு எதிரே வந்து உட்காருகிறது.

மேலே டீட்ஸேவின் பவளம் கொஞ்சம் மங்கியிருக்கிறதாம். அன்றிலிருந்து அவர் அடிக்கடி கேக்கோடு வருகிறார். "கேக் எப்படி?" என்பார். "இனிப்பு" என்பேன். போன குளிர்காலம் பனியில் நான் சறுக்கி விழுந்தேன். ஓடி வந்து தூக்கிவிட்டார், கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார், உருண்டோடிய தொப்பியைப் பிடித்து வந்து நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

"உங்க தொப்பி, ஹெர் லெம்கே."

"ஆமா, என்னுதுதான்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.