பாம்பு போன வழி

பதிமூன்று மணி நேரமாக தேவகி அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

நேற்று மாலை ஆறரைக்கு, பாக்கார் ஆராங்கில் ஒரு வீட்டு அடுப்படிக்குள் நாகம் புகுந்துவிட்டதென்று போம்பா என்னும் தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு வந்தது. பரஞ்சோதி, சசிகுமார், தேவகி மூன்று பேரும் போனார்கள். பாம்பென்றால் பரஞ்சோதிதான். ஐந்து பேர் தோளில் மலைப்பாம்பு கிடக்கும் படம் நிலையத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் தலைப்பக்கம் பிடித்திருப்பவர் அவர். தீயணைக்க வந்தவருக்குப் பாம்பால் வந்த பெயர் 'கிங்'.

தேவகி டார்ச் பிடித்தாள். சிங்குக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் அவர் இடுக்கியை விட்டுத் துழாவினார். வாசலில் அக்கம்பக்கத்தார் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பரஞ்சோதி எழுந்துவிட்டார்.

"குழாய் ஓட்டை வழியா லோங்காங் சாக்கடையில எறங்கி ஓடிடுச்சு. பயப்படாம உள்ள போங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்காரி திலகா இடுப்பிலிருந்த குழந்தையைக் கீழே விட்டாள். அது அடுப்படிப் பக்கம் தவழ்ந்தது.

தேவகியின் டார்ச் இன்னும் அந்த ஓட்டையில்தான் இருந்தது. ஓட்டைக்குக் கம்பிவலை அடித்திருந்தார்கள். வலை அறுந்திருக்கவில்லை. எலிகூட நுழைய முடியாது.

அங்கேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன வருஷம் குளவிக்கூடு கலைக்கும்போது, "அண்ணே, அந்தப் பக்கம் இன்னொரு கூடு இருக்கு" என்று பரஞ்சோதியிடம் சசிகுமார் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் 'புரொபசர்'. சோறு போட்டால்கூட, "புரொபசர் சொன்னாத்தான்லா சாப்பிடலாம்" என்பார்கள். இன்னொரு கூடு இருந்தது உண்மை. அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

நிலையத்துக்குத் திரும்பும் வழியிலேயே அடுத்த அழைப்பு. மெர்போக் பக்கம் செம்பனைத் தோட்ட ஓரத்தில் லாலாங் புல் பற்றிக்கொண்டது. அடித்து அணைத்து நிலையம் வந்தபோது விடிந்திருந்தது. இப்போது ஏழரை. எட்டுக்கு ஷிப்ட் முடியும். பூட்ஸைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பரஞ்சோதியின் கைப்பேசி ஒலித்தது. அதை சசிகுமாரிடம் தள்ளினார்.

"படிடா புரொபசர். கண்ணெல்லாம் புகை."

ஆறு மாதமாகப் புகையில்லாத நாளிலும் இதையேதான் சொல்கிறார்.

"நேத்து நம்பர் வாங்கினாங்களே, திலகாக்கா. நன்றி சொல்றாங்க. பாப்பா வெளையாடுற போட்டோ அனுப்பிருக்காங்க."

தேவகி பரஞ்சோதி பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பாம்பு வெளிய போனத நீங்க பாத்தீங்களா?"

"போச்சுலா!" சசிகுமார் சிரித்தான். "எனக்கு அசிஸ்டன்ட் கெடைச்சாச்சு."

வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இருவது வருஷமா பிடிக்கிறேன்," என்றார் பரஞ்சோதி. "எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. ஆனா ஓட்டையில கம்பிவலை இருந்துச்சு. அறுபடவே இல்ல."

"நீ டார்ச்ச ஒழுங்கா பிடிச்சிருந்தா…"

"ஒழுங்காத்தான் பிடிச்சேன்."

அவள் தலை குனியவில்லை.

பரஞ்சோதி கைப்பேசியை எடுத்தார். கையை முழுசாக நீட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். இன்னும் பின்னால் சாய்ந்து பார்த்தார்.

"இதுல புள்ள எங்கடா இருக்கு?"

சசிகுமார் எட்டிப் பார்த்தான். அவன் சிரிப்பு போய்விட்டது. "அந்த சிங்கு அலமாரிக்கு முன்னாடிணே. தரையில."

"அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுக் குடு."

சசிகுமார் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். திலகாவின் குரலுக்குப் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வந்துருங்க. இப்பவே. கதவச் சாத்திருங்க. நாங்க வர்றோம்," என்றார் பரஞ்சோதி.

தட்டும் சத்தம் நின்றது. குழந்தை சிணுங்கியது. கதவு அடைபடும் ஓசை கேட்டது.

"வெளிய வந்துட்டேன். ஏண்ணே? பாம்புதான் போயிடுச்சே?"

பரஞ்சோதி தேவகியை ஒருமுறை பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்துப் பேசினார்.

"போனத நான் பாக்கலம்மா. கிட்டத்துல எனக்குக் கண்ணு தெரியல."