மூன்று தூரிகைகளுக்கு முடி இறக்கியது

இதில் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வேதப்புத்தகத்தின்மேல் இரண்டு கைகளையும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். எழுத வேண்டியிருப்பதால் வலது கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இடது கை அங்கேயே இருக்கும்.

மைசூரில் எங்கள் பக்கத்து வீட்டில் முனிராஜ் குடியிருந்தான். மாதேஸ்வரன் மலைப் பக்கம் ராமாபுரத்துக்காரன். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மரப்பெட்டிகளின்மேல், எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அம்புக்குறி போடுவது அவன் உத்தியோகம். வீட்டுக்கு வந்துவிட்டால் ஓவியன். ஒருமுறை எங்கள் தெரு எருமையைச் சுவரில் வரைந்தான். பால்காரி கெம்பம்மா செம்போடு வந்து அதன் கீழே உட்கார்ந்தாள். அரை லிட்டர் கறந்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

என் மனைவி ஜோவிதா அவனைத் தம்பி என்று அழைத்தாள். அதனால் நான் அவனுக்கு மாமா ஆனேன். 1992 ஜூன் மாதம் ஜோவிதா இறந்துபோனாள். வீட்டில் அவள் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் குனிந்துவிடுவது அவள் வழக்கம். எங்கள் கல்யாண ஆல்பத்தில் முப்பத்திரண்டு படங்கள். முப்பத்திரண்டிலும் நான் ஒரு கொண்டையின் பக்கத்தில் நிற்கிறேன்.

"அக்காவ நான் வரையறேனுங்க மாமா. முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது," என்றான் முனிராஜ்.

துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வெள்ளை பூசிக் காயவைத்தான். துணி காய்ந்தது. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

அவர்கள் வழக்கப்படி, அன்று தொழில் சாமான்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி அலமாரியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து இறக்கி, பேருக்கு ஒரு வேலையாவது செய்ய வேண்டும். அதன்பிறகுதான் தொடலாம். முனிராஜ் தன்னுடைய மூன்று தூரிகைகளையும் வைத்தான். மறுநாள் விடியற்காலையிலேயே, ஊரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு தசராவின் ஜம்பூ சவாரி யானை ஊர்வலத்துக்கு இடம்பிடிக்கப் போய்விட்டான். யானைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது நல்ல நேரம் போய்விட்டிருந்தது.

"இனி அடுத்த விஜயதசமிக்குத்தானுங்க," என்றான். முகத்தில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"அப்ப ஃபேக்டரியில மட்டும் அம்பு போடறியே?"

"அது கம்பெனி பிரஷ்ஷுங்க மாமா. அதுக்கு அங்க தனி பூஜை."

1993இல் நல்ல நேரத்தில் தூங்கிவிட்டான். 1994இல் நல்ல நேரம் எப்போது என்று கேட்டு வரப் போனவன் மறுநாள் மதியம் வந்து சேர்ந்தான்.

உழைக்காத தூரிகைக்கு முடி வளரும் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. முதல் வருஷம் விரல் நீளம். இரண்டாம் வருஷம் அலமாரி விளிம்பைத் தாண்டித் தொங்கியது. முனிராஜின் மனைவி சுலோசனா கொள்ளேகால்காரி. எதையும் அலங்கோலமாகக் கிடக்க விடமாட்டாள். வெள்ளிக்கிழமைதோறும், காம்பில் விரல் படாமல், மூன்றுக்கும் எண்ணெய் தடவிச் சீவிப் பின்னி, ரிப்பன் கட்டி மல்லிகை வைத்தாள். ஒருநாள் புடவை விற்க வந்த மல்லம்மா, சாமி அலமாரியின் திரைச்சீலைக்குக் கீழே மூன்று பின்னல்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா சுலோசனா, மூணு பொண்ணு வெச்சுக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலையே! அந்த நடுப்புள்ள ஜாதகம் குடு. என் தங்கச்சி மகன் ஒருத்தன் இருக்கான்."

"அது இன்னும் படிச்சுட்டு இருக்குதுங்க," என்று சொல்லி அனுப்பினாள் சுலோசனா.

1995இல் என் மகள் மோலிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். செப்டம்பர் பதினைந்தாம் தேதி கிளம்ப வேண்டும். விஜயதசமியோ அக்டோபரில். யூனிஃபார்ம், சான்றிதழ், ஊறுகாய் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கியவள், ஓரமாகக் கொஞ்சம் இடம் விட்டு வைத்தாள்.

"அம்மா முகம் மறந்துக்கிட்டே வருதுப்பா. நேத்து பூரா யோசிச்சேன், மூக்கு ஞாபகத்துக்கு வரவே இல்ல," என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் நானும் அந்த மூக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மோலி நேராக முனிராஜ் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, நான் கெளம்ப இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

"விஜயதசமி ஆகட்டும் கண்ணு. போட்டுத் தபால்ல அனுப்பிடறேன்."

"ஸும்னே, சும்மா கதை விடாதீங்க."

"கதை இல்ல கண்ணு. பிரஷ்ஷப் பாரு, எவ்வளவு முடி! மாதேஸ்வரன் மலைக்குக் கொண்டுபோயி முடி எறக்கோணும். அப்புறந்தான் வேலை."

"பஸ்ல மூணுக்கும் டிக்கெட் எடுக்கணுமா, மடியில வெச்சுக்கலாமா?" என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"இவுரு மலையேறறதுக்குள்ள எனக்கு நரைச்சே போயிரும்," என்றபடி சுலோசனா உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

முனிராஜ் அலமாரிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான்.

"வேண்டாம் புள்ள. எனக்குப் பயமா இருக்குது." அவன் குரல் இறங்கிவிட்டது. "துணி வெள்ளையா இருக்கற வரைக்கும் அக்கா முகம் எங்கிட்ட பத்திரமா இருக்குது. கோடு போட்டு அது தப்பாப் போச்சுன்னா, அப்புறம் அந்தத் தப்பு மூஞ்சிதான் எனக்கு நெனப்புல நிக்கும். எத்தன நாள் அக்கா கையால சாப்பிட்டிருக்கேன்! நானே அவுங்கள அழிச்ச மாதிரி ஆயிருமே."

மூன்று வருஷமாக அவன் சொன்ன சாக்குகளில் இது மட்டும் சாக்காக எனக்குப் படவில்லை.

மோலி தரையில் உட்கார்ந்துகொண்டாள். "தப்பாவே போடுங்க மாமா. சரியா எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. தப்பாப் போட்டா, அது அம்மா இல்லன்னு மட்டும் சொல்லத் தெரியும்."

அவன் கைகள் மெல்லத் தாழ்ந்தன. சுலோசனா மூன்று பின்னல்களையும் வெட்டினாள். நடுத் தூரிகையை எடுத்து அவன் விரல்களுக்கிடையில் திணித்தாள். நல்ல நேரமா என்று யாரும் பார்க்கவில்லை. பிற்பாடு நான் காலண்டரில் பார்த்தேன். சுத்தமான ராகு காலம்.

முதலில் வேண்டுமென்றே தப்பாக ஒரு மூக்குப் போட்டான்.

"ஐயோ, இது சாமுண்டி பெட்டா!" என்றாள் மோலி. "அம்மா மூக்கு மலை மாதிரி இவ்வளவு ஒசரம் இல்ல. நுனி கொஞ்சம் குண்டா இருக்கும்."

குண்டாக்கினான்.

"ஆங், இதுதான்! காது என்ன மாமா, கரண்டி மாதிரி? சின்னதா, தலையோட ஒட்டி இருக்கும்."

"இடது புருவத்துல ஒரு வெட்டு," என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் அது என்னுடையது. "கல்யாணத்துக்கு முந்தி கெணத்து வாளி பட்டது."

"எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையேப்பா," என்றாள் மோலி.

முனிராஜ் தொழிற்சாலைக்கு மூன்று நாள் லீவு சொன்னான். அவன் தப்புப் போட்டான், நாங்கள் மறுத்தோம். இரண்டாம் நாள் அவனுக்குப் பிடித்துக்கொண்டது. நாங்கள் மறுத்து முடிப்பதற்குள் அடுத்த தப்பு தயாராகிவிடும். பதினாறு வாய் போட்டான். பதினாறும் யாரோ ஒருத்தியின் வாய். சுலோசனா காபி கொண்டுவந்தாள், ஆறியது, எடுத்துப் போனாள்.

பதினேழாவது வாயை எங்களைக் கேட்காமல் போட்டான். கீழுதடு சற்றே துருத்தி, இதோ திட்டப்போகிறேன் என்று நின்றது. என் கையில் இருந்த பீடி தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"தப்புச் சொல்லு கண்ணு," என்றான் முனிராஜ்.

மோலி வாயைத் திறந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் தூரிகையைக் கீழே வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றான்.

பதினைந்தாம் தேதி சாயம் காயவில்லை. பெட்டியில் விட்டிருந்த இடத்தில் வைக்க முடியாமல், படத்தை மடியில் நிறுத்திப் பிடித்தபடி மோலி பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்தாள். பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாக இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி என் சட்டையையே பார்த்தாள். திறந்திருந்த மேல் பட்டனை உடனே போட்டுக்கொண்டேன்.

இதை முதலில் படித்து, எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவள் என் மனைவி ஜோவிதா. வேதப்புத்தகத்தின்மேல் இருந்த இடது கையை எப்போது எடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.