இருபதுக்கு அப்புறம்

வலது தோள்பட்டை இற்று விழுந்துவிடும்போல இருந்தது. பன்னிரண்டாவது பேட்டரியை மேடையில் இறக்கிவைத்துவிட்டு, சின்னவன் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டான். ஒவ்வொன்றும் அரை ஆள் கனம். கண்ணாடித் தொட்டிக்குள் ஆசிட் தளும்பும். கொஞ்சம் சாய்ந்தாலும் காலைத் தின்றுவிடும். சட்டை ஏற்கெனவே சல்லடை. இன்னும் நாலு தூக்க வேண்டும். பதினோரு மணிக்கு ஒலிபரப்பு.

வானொலி நிலையம் தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகிறது. ஊரில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் காதில் விழும் பாட்டும் செய்தியும் இந்தப் பேட்டரி அறையிலிருந்துதான் கிளம்புகின்றன என்று ஒருத்தருக்கும் தெரியாது.

நாலு வருஷம் இந்த வேலையை அண்ணன் பார்த்தான். சார்ஜ் ஏறும்போது கிளம்புகிற புகை அவன் நெஞ்சை அரித்துவிட்டது. மூன்று மாதமாகப் படுக்கை. வேலை தம்பிக்கு வந்தது. சீட்டில் ‘தற்காலிகம்’ என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டு அழுத்தியிருந்தார்கள். அண்ணன் பார்த்த இன்னொரு வேலையும் கூடவே வந்தது. ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன் மைக்கின் முன்னால் நின்று ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண வேண்டும். அதைக் கேட்டு இன்ஜினியர் சத்தத்தைச் சரிசெய்வார். பெட்டிக்காரர்களும் அந்த எண்ணிக்கையைத் தேடித்தான் நிலையத்தைப் பிடிப்பார்கள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பிடியில் பலமே இல்லை.

“இருபது சொல்லி முடிச்சதும், ‘அண்ணே, கேக்குதா’ன்னு ஒரு தடவை கேளுடா.”

“கேட்டா?”

“ஆமான்னு சொல்லுவேன்.”

“நீ சொல்றது எனக்கு எப்படிண்ணே கேக்கும்? அது போறதோட சரி, திரும்பி வராது.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? உனக்குக் கேக்காட்டி என்னடா, நான் சொல்லுவேன்ல. நாலு வருஷம் அங்க நின்னு கத்தியிருக்கேன். கேக்குதான்னு ஒரு பயலைக் கேக்க விட்டாங்களா?”

அதற்குள் இருமல் வந்துவிட்டது. அண்ணி கிண்ணத்தை எடுத்துப் பிடித்தாள். டாக்டர் முந்தின நாளே அவனையும் அண்ணியையும் வெளியே கூப்பிட்டு, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். “போகல” என்று வாய்வரை வந்தது. வீட்டில் சம்பளம் அவனுடையது ஒன்றுதான். போனான்.

கடைசி நாலையும் தூக்கி வைத்து, கம்பிகளை முடுக்கிவிட்டு, கைகழுவிக்கொண்டு மேலே ஏறினான். இன்ஜினியர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தார். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் கையாட்டி. ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அவர் வாய் பேசாது, கைதான் பேசும்.

“சார், இன்னிக்கு எண்ணி முடிச்சதும் கூட ரெண்டு வார்த்தை சொல்லிக்கலாமா?”

“நம்பரா?”

“இல்ல சார். வீட்டுல அண்ணன்...”

“நம்பர் இல்லேன்னா வேணாம். அந்த வயலின்காரன் கதை தெரியும்ல?”

தெரியும். மைக் உயிரோடு இருப்பது தெரியாமல், “டீ வந்தாச்சா, இல்ல இன்னிக்கும் பட்டினியா?” என்று கேட்டுவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் படியில் அவர் கால் படவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. கை இறங்கியது.

“ஒன்று, இரண்டு, மூன்று...”

பதினைந்துவரை ஒன்றுமில்லை. பதினாறிலிருந்து வேகம் கூடியது. இருபது என்றான். வாயை மூடவில்லை. “அண்” என்பதற்கு முந்தின மூச்சை இழுத்துவிட்டான். தடுப்புக்கு அந்தப்புறம், போதும் என்று கை மேலே போனது. மூச்சை விழுங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். பாட்டுக்காரம்மா மைக்குக்கு வந்தாள்.

சாயங்கால ஒலிபரப்பிலும் எண்ணத்தானே போகிறோம், அப்போது கேட்டுவிடலாம், வேலை போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினான்.

ஒரு மணிக்கு விளக்கு அணைந்தது. வாசல் காவலாளி அவனைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்தான்.

“உங்க தெருத் தச்சர் வந்தாருப்பா. பதினொன்னே காலுக்கே.”

“பதினொன்னே காலுக்கா! ஏன்யா சொல்லல?”

“செவப்பு எரியறப்ப ஒருத்தரையும் உள்ள விடக் கூடாதே. நான் என்ன பண்ணுவேன்?”

தெருவில் யார் செத்தாலும் சவப்பெட்டி செய்பவர் அந்தத் தச்சர்தான். ஓடினான்.

அண்ணன் கட்டிலில் அப்படியே சாய்ந்திருந்தான். கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். காதில் ஹெட்போன் அப்படியே இருந்தது. நிலையத்தில் கழித்துப்போட்ட சாமான்களைப் பொறுக்கி அவன் பண்ணிய கல் ரேடியோ பக்கத்து முக்காலியில் இருந்தது. அதற்குப் பேட்டரி வேண்டாம். ஒரு சின்னக் கல்லை ஊசியால் தொட்டுத் தேடினால் போதும். ஊசியைப் பிடித்தபடி அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“கழட்டலியா அண்ணி?”

“நீங்க வந்து கழட்டட்டும்னு இருந்தேன்.”

“ஊசியை விடுங்க.”

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகத்தான் விரிக்க முடிந்தது.

“பத்தரைக்கே மாட்டிக்கிட்டாரு. இருமினா ஊசி நழுவுதுன்னு என்னைப் புடிச்சுக்கச் சொன்னாரு. என்னை மூச்சுவிடக் கூட விடல. நீங்க எண்ண எண்ண அவரு உதடும் கூடவே ஓடிச்சு. ‘ஏன்டா பறக்கறான், மூட்டையா இறக்கறான்’னு நடுவுல ஒரு திட்டு.”

“இருபதுக்கு அப்புறம்?”

“பேசாதேன்னு விரலைத் தூக்கினாரு. ரொம்ப நேரம் தூக்கினபடியே இருந்தாரு. இறக்கவே மாட்டேங்கறாரு. அப்புறம் நல்லா சத்தமா ‘ஆமா’ன்னாரு. அதோட சரி.” அவள் நிமிர்ந்தாள். “ஏதாச்சும் கேட்டீங்களா தம்பி?”

தச்சர் சவப்பெட்டிக்கு அளவெடுக்க நாடாவோடு வாசலில் நின்றார். உள்ளே வரலாமா என்று செருமினார்.

சின்னவன் குனிந்து ஹெட்போனை மெல்லக் கழற்றினான். அண்ணனுடைய இரண்டு காதிலும் வட்டமாக அழுந்தின தடம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி இன்னும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வந்து சேர்ந்துவிட்டது. அண்ணனிடம் அவன் கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு கேள்விதான் பாக்கி.