மூன்றாவது அழைப்பு

"எவ வாயி சொன்னிச்சோ, அந்த வாயி புழுத்துப் போவணும்!"

பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்து நாகலெட்சுமி விடிந்ததிலிருந்து சபித்துக்கொண்டிருந்தாள். மகன் பிரதாப் ஐஸ் போதைக்காரன் என்று யாரோ பற்றவைத்துவிட்டார்களாம். அவள் சாய்ந்திருந்த தோள் மகள் கிருஷாந்தியுடையது. தோட்ட லயத்தின் முதல் பட்டதாரி, டீச்சர் வேலைக்கு விண்ணப்பித்திருப்பவள்.

சொன்னது அவள்தான்.

பிரதாப் கிளினிக் மருந்தை விட்டு மூன்று வாரம். காதுக்குள் யாரோ ஏசுகிறார்கள் என்று நேற்றுப் பின்னேரம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு கூரைமேல் ஏறிவிட்டான். கிருஷாந்தி பொலிசுக்கு இரண்டு தரம் போன் அடித்தாள். தம்பிக்கு மனநோய் என்று நல்ல சிங்களத்தில் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். கூரையில் நிற்பவனை எப்படிக் கொண்டு போவதாம்? மூன்றாம் தரம், "ஐஸ் அடிச்சிருக்கான்" என்றாள். கால் மணித்தியாலத்தில் ஜீப் வந்து நின்றது.

அவன் கத்தியைப் போட்டுவிட்டு இறங்கிய பிறகுதான் அடித்தார்கள். "சாமான் எங்கடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள்.

இப்போது கம்பிக்குப் பின்னால் வீங்கிய கண்ணோடு நிற்கிறான். "அக்கா, நான் அதெல்லாம் அடிக்கலன்னு சொல்லேன். நீ படிச்சவ. நீ சொன்னா நம்புவாங்க."

அதைத் தாங்க முடியவில்லை அவளால். எழுந்து சார்ஜன்ட்டின் மேசைக்குப் போய்ச் சிங்களத்தில் சொன்னாள்:

"அவன் நோயாளி, சேர். ஐஸ்னு நான்தான் பொய் சொன்னேன்."

சார்ஜன்ட் சிரித்தபடி சிங்களத்திலேயே கேட்டார்: "பொய் முறைப்பாட்டுக்கு வழக்கு இருக்கு, தெரியுமா மிஸ்? டீச்சர் வேலைக்கு எங்ககிட்ட ரிப்போர்ட் கேப்பாங்களே?"

"தெரியும்."

"அப்ப தம்பி அடி வாங்கினது உங்களாலதான்."

அடித்த கை யாருடையது என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. தாளை வாங்கி எழுதினாள். தன் பொய்யை எழுதினாள். அவர்கள் அடித்ததையும் எழுதினாள்.

வாசித்த சார்ஜன்ட்டின் சிரிப்பு நின்றது. "கோட்டுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி டொக்டர்கிட்ட காட்டுவோம்" என்று முணுமுணுத்தார்.

"என்னடி சொல்றாரு?" சிங்களம் தெரியாத நாகலெட்சுமி, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகளிடம் கேட்டாள்.

"தம்பிய டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்களாம்மா." கிருஷாந்தி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஐஸ்னு போன் பண்ணது நான்தாம்மா."

நாகலெட்சுமி மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மெல்ல நகர்ந்து, வாங்கின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள்.